மூன்று வெள்ளைப் பெட்டிகள்

வேலூரில் நான் வேலை பார்த்த ஏலக் கடையை இப்போது நடத்துகிறவர்கள் எல்லோரும் சின்ன வயசுக்காரர்கள். போன மாதம் அவர்களில் ஒருத்தி, கலைச்செல்வி, வீட்டுக்கு வந்து கைப்பேசியைக் காட்டினாள். பழைய பொம்மை ரயிலைப் படம் பிடித்தால் போதுமாம். எந்த நாட்டில் செய்தது, எந்தக் காலத்தது, என்ன விலை பெறும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. என்னிடம் இருக்கிற ஒரே எஞ்சினை வைத்துச் சோதித்தோம். ஆறு சக்கரம், இரண்டு விளக்கு, பக்கவாட்டுக் கைப்பிடி ஒன்று இல்லை. நான் புத்தகம் புத்தகமாகப் புரட்டிக் கண்டுபிடித்ததை அது நான் ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டது. கைப்பிடி இல்லாததையும் சொன்னது. எனக்குப் புல்லரித்துவிட்டது, பொய் சொல்வானேன்.

"இதுவே எல்லாத்தையும் சொல்லிட்டா நாங்க இன்னாத்துக்கு சார்?" என்றாள் கலைச்செல்வி. "இதுக்குப் பிடிபடாதது எதையாவது நீங்க பாத்திருந்தா எழுதிக் குடுங்க."

அதற்காகத்தான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததிலிருந்து கவலை. ரயில் பெட்டியின் ஜன்னல் எண்ணிக்கை சரியா, ஆட்களின் பேச்சு சரியா என்று நடுவில் எழுந்து எழுந்து போய் யோசிக்கிறேன். சின்ன வயசிலிருந்தே எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். எண்ணி வைத்தால் மறக்காது என்று ஒரு நம்பிக்கை. அது சரிதானா என்பது இப்போதுதான் தெரியும்.

தோல் ஊர்களில் பொம்மை ரயில் எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை, தோல் வியாபாரம் செய்த பெரிய வீடுகளில் யாராவது ஒருவர் ஜெர்மனிக்கோ இங்கிலாந்துக்கோ போய்வந்திருப்பார். அங்கிருந்து தோல் வாங்கவும் மெஷின் மாட்டவும் வந்து மாதக்கணக்கில் தங்கியவர்களும் உண்டு. போனவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார்கள். வந்தவர்கள் பழகிய வீடுகளில் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில், கரண்டில் ஓடும் ரயில், நிஜமாகவே தண்ணீர் கொதித்து ஆவியில் ஓடும் ரயில் எல்லாம் இந்தப் பக்கத்து பீரோக்களின் மேல் துணி சுற்றிக் கிடந்தன. பிற்காலத்தில் வீடுகள் பாகம் பிரிந்தபோதும், பிள்ளைகள் பெங்களூருக்கும் துபாய்க்கும் போனபோதும் அவை எங்கள் கடைக்கு வந்தன.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. தோல் பதனிடும் டேனரி ஒன்றின் லேபில் வேலை கிடைக்காமல் ஏலக் கடையில் எழுத்தராகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்களில் நாற்காலி, மேஜை, சுவர்க் கடிகாரம் இவற்றுக்குச் சீட்டு ஒட்டினேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பிறகு ஜெயசீலன் சார் கூடப் போகச் சொன்னார்கள். அங்கேதான் ரயில் வந்தது.

ஜெயசீலன் சார் கடையின் விலை மதிப்பீட்டாளர். என்னைவிட நான்கைந்து வயசு மூத்தவர். அதற்கு முன்னால் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். அந்த வேலையின் பழக்கங்களை அப்படியே ரயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். தோலைத் தரம் பிரிக்கிறவர்கள் டியூப்லைட் வெளிச்சத்தை நம்பமாட்டார்கள். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள், அது நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்பதால். இவரும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் "வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டு மேஜையை அங்கே நகர்த்தச் சொல்வார். பையிலிருந்து ஆட்டுத் தோல் துண்டு ஒன்றை எடுத்து விரித்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, எஞ்சினைக் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். தோலையும் அப்படித்தான், உள்பக்கம் பார்த்த பிறகே வெளிப்பக்கம். "மேல எல்லாரும் பவுடர் போட்டுக்குவாங்க. அடியில யாரு போடுறான்?" என்பார்.

டீ விஷயத்தில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எந்த வீட்டிலும் ஒரு டீதான். வேலை முடிந்ததும் எழுந்துவிடுவார். இரண்டாவது டீ நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்குவார். "மொத டீ வரைக்கும் நாம மதிப்பு போட வந்தவன். ரெண்டாவது குடிச்சா விருந்தாளி ஆயிடுவோம். விருந்தாளி வாயில சரியான விலை வராது." நான் அவரோடு போன வீடுகள் நூற்றுக்கு மேல். அவர் இரண்டாவது டீ குடித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அது எந்த வீடு என்று சொல்லத்தான் இவ்வளவும்.

அதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

ராணிப்பேட்டையில் ஒரு பழைய பங்களாவில் ஆவி எஞ்சின் ஒன்று இருந்தது. முழங்கை நீளம், பித்தளைக் கொதிகலன். ஓடுமா என்று பார்க்காமல் விலை போட முடியாது. தரையில் தண்டவாளம் பூட்டி, தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். முதலில் எஞ்சின் வியர்த்தது. பிறகு உள்ளே ஏதோ முணுமுணுத்தது. சார் விசையைத் திறந்தார். அது ஒரு பெருமூச்சு விட்டு, தானே நகர்ந்து, ஏழு பெட்டிகளை இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போனது. நான் எண்ண ஆரம்பித்தவன் எதை எண்ணினேன் என்று மறந்துவிட்டேன். சார் வேட்டியோடு தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, அது வளைந்து திரும்பி வரும்வரை மூச்சு விடவில்லை. யாரோ ஒருவர் எங்கோ கையால் செய்த தகரமும் பித்தளையும் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு உயிரோடு நடந்து போவதை முதல் தடவை பார்த்தவனுக்குத்தான் அது புரியும். எனக்கு அந்த ஆச்சரியம் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை குறையவில்லை.

இரண்டாவது, பேரணாம்பட்டு. ஒரு டேனரி முதலாளி வீட்டில் அருமையான ஜெர்மன் எஞ்சின் இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். போனால் அது கண்ணாடி மாதிரி மின்னியது.

"எங்க ஃபினிஷிங் செக்‌ஷன் ஆளை விட்டு ஸ்பிரே அடிக்க வெச்சேன் சார். ஷூவுக்குப் போற தோலுக்கு அடிக்கிற அதே லாக்கர் மெருகு. நாலு கோட்டு. இன்னா ஷைனிங் பாருங்க" என்றார் முதலாளி.

சார் கவிழ்த்துப் பார்த்தார். பழைய பச்சை அடிப்பக்கத்தில் ஒரு விரலகலம்தான் மிச்சம் இருந்தது.

"ரொம்ப அழகா இருக்கு. ஷூவா இருந்திருந்தா நல்ல ரேட்டு போயிருக்கும்" என்றார்.

பழைய ரயில் வாங்குகிறவர்களுக்கு அதன் பிறந்த வண்ணம்தான் வேண்டும். உரிந்திருக்கலாம், மங்கியிருக்கலாம். மேலே வேறு வண்ணம் பூசிவிட்டால் தீர்ந்தது, விலையில் பெரும்பகுதி போய்விடும். தோலுக்கு மெருகு ஏற்றி ஏற்றிப் பழகிய எங்கள் ஊர்க்காரர்கள் அன்போடு செய்கிற தப்பு இது. இதே மாதிரி மெருகேறிய எஞ்சின்களை நான் ஐந்து பார்த்திருக்கிறேன்.

இனி ஆம்பூர் வீடு.

ஜுலைகா பேகம் என்ற அம்மா. எழுபது தாண்டியவர். கணவர் இல்லை. அப்பா வழியில் வந்த அந்த வீட்டில் தனியாக இருந்தார். மகன் இம்தியாஸ் பெங்களூரில் இன்ஜினியர். அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய், வீட்டைப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்து, சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அம்மாவுக்குச் செருப்பை எடுத்துப் போட்டுவிடுகிறவர்.

ரயில் அந்த அம்மாவின் அப்பாவுக்கு வந்தது. அவர் ஒரு டேனரியில் மேனேஜர். அங்கே மெஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர் இவர்கள் வீட்டு பிரியாணிக்கு அடிமையாகி, ஊருக்குப் போய்த் திரும்பியபோது, தான் சிறுபிள்ளையில் விளையாடிய ரயிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வீட்டில் அவருக்கு 'ஜெர்மன் சாப்', அதாவது ஜெர்மன் துரை, என்று பெயர். ஒரு எஞ்சின், மூன்று தூங்கும் பெட்டிகள். பெட்டிக்குப் பக்கத்துக்கு ஒன்பது ஜன்னல். கூரையைத் தூக்கினால் உள்ளே படுக்கைகள், போர்வை மடித்து வைத்தது மாதிரி வார்த்திருந்தது.

எங்களை அழைத்த காரணத்தை இம்தியாஸ் சொன்னார். சென்னையில் ஒரு சேகரிப்பாளருக்குப் படம் அனுப்பியிருக்கிறார். அவர், எஞ்சின் சரி, பெட்டிகள் பழுப்பு நிறத்தில் இருக்கின்றன, அந்தக் கம்பெனி இந்தப் பெட்டியைப் பழுப்பில் செய்ததே இல்லை, யாரோ மறுபூச்சு பூசியிருக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"பழுப்பு இல்ல. வெள்ளை. பால் மாதிரி வெள்ளை" என்றார் ஜுலைகா பேகம்.

இம்தியாஸ் எங்களைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். "அம்மீ, நான் பொறந்ததுலேர்ந்து பாக்குறேன். பழுப்புதான்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வந்த வண்டிடா அது. யாரும் ப்ரஷ் வெச்சதில்ல."

"பாருங்க சார், இப்படித்தான். போன வாரம் அடுப்புல பால வெச்சிட்டு மறந்துட்டாங்க. வீடே புகை."

"அன்னிக்கு நீயும் தான்டா பக்கத்து ரூம்ல இருந்த. உன் மூக்கு இன்னா பண்ணிட்டிருந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "கோபால் தம்பி" என்றார். என் பெயர் கோபால் இல்லை. அன்றைக்கு மூன்று தடவை அப்படித்தான் கூப்பிட்டார். "நான் நிறைய மறக்குறேன். இல்லன்னு சொல்லல. ஆனா பழசு எதுவும் மறக்கல. இவன் இன்னா நெனைக்கிறான் தெரியுமா, பழசையும் நானே கட்டி விடறேன்னு. இந்த ரயிலும் பொய்யாப் போய்ட்டா அப்புறம் நான் சொல்ற எதுக்கும் மதிப்பு இல்ல. என் பீரோ சாவியிலேர்ந்து நான் எங்க இருக்கணும்ங்கறது வரைக்கும் இவன்தான் சொல்லுவான்."

அது உண்மை என்று இம்தியாஸ் முகத்திலேயே இருந்தது.

சார் முதல் டீயைக் குடித்துவிட்டு, "வடக்கு எந்தப் பக்கம்மா?" என்றார்.

மேஜை நகர்ந்தது. தோல் துண்டு விரிந்தது. பெட்டிகளைக் கவிழ்த்தோம். அடிப்பக்கம் கறுப்பு, பிறந்த கறுப்பு. நான் முதல் பெட்டியின் கூரையைத் தூக்கினேன். கூரை வந்து உட்காரும் விளிம்பில், ஓரமாக, நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

ஜுலைகா பேகம் எட்டிப் பார்த்து, "ஆங்" என்றார்.

சார் அவசரப்படவில்லை. "இதை வெச்சி முடிவு பண்ண முடியாதும்மா. கூரைய மாட்டினபடியே எவனாவது பழுப்பு பூசியிருந்தாலும் இப்படித்தான் கோடு விழும். உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஜெர்மனிலயே பூசியிருக்கலாம்."

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் தோன்றாமல், வழக்கம்போல எண்ண ஆரம்பித்தேன். ஜன்னல்களுக்கு மேலே பொன்னிற எழுத்துகள், ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு. மூன்று பெட்டிக்கும், இரண்டு பக்கமும் எண்ணினேன். நூற்றெட்டு. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை, ஒன்றின் மேலும் பழுப்பு ஏறவில்லை. மறுபூச்சு பூசுகிறவன் இத்தனை எழுத்தையும் எப்படிச் சுற்றிச் சுற்றிப் பூசுவான்? சாரிடம் சொன்னேன். அவர் பெட்டியைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பக்கம் காட்டினார், திருப்பி மறுபக்கம் காட்டினார். ஒரு பக்கம் காபிக்கொட்டை நிறம். மறுபக்கம் டீ நிறம். மூன்று பெட்டியும் அப்படித்தான்.

"இதை எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

"அந்த மேடைலதான். எப்பவும் அங்கதான்." அவர் காட்டிய மேடை மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. "அந்த ஜன்னலுக்கு அந்தாண்ட டேனரி. சுண்ணாம்புக் குழி. முன்னெல்லாம் அந்த ஜன்னலத் தெறந்தா மூக்கப் பொத்திக்கணும். என் கொலுசு வாராவாரம் கறுத்துப் போவும். விளக்குற சாம்பலுக்கே தனியா ஒரு டப்பா."

கொலுசு என்றதும் எனக்குள் ஏதோ நின்றது.

தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சல்பைடு போடுவார்கள். அதிலிருந்து அழுகின முட்டை வாடையோடு ஒரு வாயு எழும்பும். ஆம்பூர், வாணியம்பாடியில் பிறந்தவர்களுக்கு அது பழக்கம். வெள்ளியைக் கறுக்க வைப்பது அதுதான். வெள்ளியை மட்டும் அல்ல. அந்தக் காலத்து வெள்ளைப் பெயிண்டில் ஈயம் இருக்கும். அந்த வாயு பட்டுப் பட்டு ஈய வெள்ளை மெல்லப் பழுப்பாகி, கடைசியில் கறுத்துவிடும், ஜன்னலைப் பார்த்த பக்கம் இன்னும் அதிகமாக. கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தது. இத்தனை வருஷம் தலைக்குள் சும்மா கிடந்தது. அதே பாடத்தின் அடுத்த வரியும் ஞாபகம் வந்தது. கறுத்த ஈய வெள்ளையின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் அது திரும்ப வெளுக்கும். மேலே பூசிய பழுப்புப் பெயிண்டாக இருந்தால் இப்படி வெளுக்காது.

சொன்னேன். சார் பெட்டியை மேஜையில் வைத்தார். பிறகு ஜுலைகா பேகத்திடம், "ஒரு சொட்டு வெக்கணும்மா. யாருக்கும் தெரியாத இடத்துல. அது வெளுக்கலன்னா நீங்க சொன்னது தப்புன்னு ஆயிடும். வெக்கட்டுமா, வேணாமா? நீங்க சொன்னாதான்" என்றார்.

"வெய்ங்க."

"நல்லா யோசிச்சு..."

"யோசிச்சா மறந்து போய்டும். வெய்ங்க."

இம்தியாஸே மருந்துக் கடைக்குப் போய் வாங்கி வந்தார். புண் கழுவுகிற சாதாரண பாட்டில்தான். தீக்குச்சியில் பஞ்சு சுற்றி நனைத்தேன். கடைசிப் பெட்டியின் கோடிச் சுவரில், கொக்கிக்குக் கீழே, கடுகளவு இடத்தில் வைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. சின்னதாகக் குமிழி வந்தது, அவ்வளவுதான். இம்தியாஸ் அம்மாவின் தோளில் கை வைத்தார், ஆறுதல் சொல்லப் போகிறவர் மாதிரி. பஞ்சை மறுபடி நனைத்து, அதே இடத்தில் வைத்து, எடுத்தேன்.

பழுப்புக்குள்ளிருந்து வெள்ளை வந்தது. மேலே யாரோ பூசியதுபோல இல்லை. உள்ளேயிருந்து, விடியற்காலையில் சுவர் தெரிய ஆரம்பிக்குமே அப்படி. முதலில் சாம்பல், பிறகு மோர், பிறகு பால். கடுகளவுதான். நான்கு தலைகள் அதன்மேல் குனிந்திருந்தன. அந்த வீட்டுக்கு அது வந்த அன்றைக்கு ஒரு சிறுமி பார்த்த அதே வெள்ளை எங்கும் போகவில்லை, ஊர்க்காற்றை மேலே போர்த்திக்கொண்டு இவ்வளவு காலமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது. ஆவி எஞ்சினுக்கு முன்னால் முட்டி போட்ட சாரின் முகத்தை அன்றைக்கு மறுபடி பார்த்தேன்.

"நான் தான் சொன்னேனே" என்றார் ஜுலைகா பேகம். மெதுவாகத்தான் சொன்னார்.

சார் விலைப் பேச்சுக்கு வந்தார். மீதிப் பெட்டிகளை யாரும் வெளுக்கக் கூடாது, இப்படியே இருக்கட்டும், உள்ளே இருப்பது பிறந்த வெள்ளை என்பதற்கு இந்தப் பழுப்புதான் சாட்சி, பிற்காலத்தில் பூசிய ஈயமில்லாத பெயிண்டாக இருந்தால் ஆம்பூர்க் காற்றுக்கு இப்படி மசிந்திருக்காது, சென்னைக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றார். மூன்று பெட்டியும் எஞ்சினும் ஒரே செட்டாகப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

"ரெண்டு பெட்டி எடுத்துக்கங்க. புள்ளி வெச்சது எனக்கு" என்றார் அந்த அம்மா.

எனக்குப் பதற்றமாகிவிட்டது. "அம்மா, செட்டு ஒடஞ்சா விலை ரொம்பக் கம்மியாவும்."

"அதை அவர் இப்பதானே சொன்னாரு கோபால் தம்பி. அதுக்குள்ள மறந்துடுவேனா?"

சார் வாய்விட்டுச் சிரித்தார். தோல் துண்டை மடித்துப் பையில் வைத்தார். வேலை முடிந்துவிட்டது. எழுந்து நிற்கப் போகிறார் என்று நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

இம்தியாஸ் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, வெள்ளைப் புள்ளியை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை அம்மாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மீ, வேற எதெல்லாம் வெள்ளையா இருந்துச்சு?"

ஜுலைகா பேகம் மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிஜமாகத்தான் கேட்கிறானா என்று பார்த்திருப்பார்.

"அந்த ஜன்னல் கதவு" என்றார். "அப்புறம் ஜெர்மன் சாபோட தொப்பி. அதுல ஒரு கோழி முட்டை போட்டுச்சு, அது உனக்குச் சொன்னேனா?"

"இல்ல. சொல்லுங்க."

நான் குடையோடு நின்றேன். ஜெயசீலன் சார் எழுந்திருக்கவில்லை. காலி டம்ளரை மேஜையில் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்து, "அம்மா, இன்னொரு டீ கிடைக்குமா?" என்றார்.